தீபாவளிப் பரிசை நல்ல காரியத்துக்கு உதவும்படி வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் தீபாவளிப் பரிசு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வழக்கமான இனிப்புப் பெட்டி வேண்டாம், யாருக்காவது பயன்படட்டும் என்று 60 உலர்பழப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தேன். மூடியில் 'வருமானத்தில் ஒரு பகுதி ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு' என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தது. பில் போடும்போதுதான் "அந்த ஒரு பகுதி எவ்வளவு?" என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த அமைப்புக்கு, எவ்வளவு, எப்போது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். விலையில் 5 சதவீதமா, லாபத்தில் 5 சதவீதமா என்று கட்டாயம் கேளுங்கள். 500 ரூபாய்ப் பெட்டியில் கடைக்கு 50 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். விலையில் 5 சதவீதம் என்றால் 25 ரூபாய் போகும். லாபத்தில் என்றால் இரண்டரை ரூபாய்தான். அமைப்பின் பெயரையும் தொகையையும் சொல்ல முடியாத கடையில், அந்த வாசகத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 450 ரூபாய்க்குச் சாதாரணப் பெட்டி வாங்கி, மீதி 50 ரூபாயை உங்களுக்குத் தெரிந்த அமைப்புக்கு நேரே அனுப்பினால் முழுத் தொகையும் போய்ச் சேரும்.

கைவினைஞர்களிடம் வாங்க நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. 'கைத்தறி' என்று பலகை வைத்த கடையில் இருப்பதெல்லாம் கைத்தறி அல்ல. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது. ஆனாலும் விசைத்தறியில் நெய்த மலிவு விரிப்புகள் பவானி என்ற பெயரிலேயே விலைபோகின்றன. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகள் இப்போது அந்தப் பட்டியலில் உள்ளன; அதையும் மீறித்தான் இது நடக்கிறது. தறிப் பக்கமே போகாத நாம் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அசல் கைத்தறி என்பதற்கு அடையாளமாக 2006இல் அரசு கொண்டுவந்த 'கைத்தறி முத்திரை' துணியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்குப் போங்கள். போலியை வாங்கினால் நெசவாளருக்கு நாம் உதவாமல் போவதோடு, அவருடைய போட்டியாளரை வளர்த்தும் விடுகிறோம்.

பொருளைச் செய்பவர்களிடமே நேராக வாங்கப் போனபிறகும் பேரம் பேசுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெரிய கடையில் சொன்ன விலையைக் கொடுப்பவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவின் மேசைமுன் நின்று முறுக்குப் பொட்டலத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பத்து ரூபாய் நேராக அந்தப் பெண்களின் கூலியிலிருந்துதான் கழியும். இன்னொன்று, கடைசி வார ஆர்டர். வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு ஐந்தாறு பேர் செய்யும் தொழில் அது. 200 பெட்டி வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே சொல்லி, முன்பணமும் கொடுங்கள். கடன் வாங்கி மாவும் எண்ணெயும் வாங்க வேண்டிய நிலையை அவர்களுக்கு வைக்காதீர்கள்.

பரிசு பெறுபவரை மறந்துவிடுவதும் உண்டு. சர்க்கரை நோய் உள்ள பெரியப்பாவுக்குக் கருப்பட்டி மிட்டாய் பொருந்தாது. பனைத் தொழிலாளியின் உழைப்பு என்பதால் அது சர்க்கரை இல்லாமல் போய்விடாது. ஒருவர் பெயரில் நன்கொடை கொடுப்பதானால் நமக்குப் பிடித்த காரியத்தை விட்டுவிட்டு அவர் மனத்தில் இருக்கும் காரியத்தைத் தேடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு, அவர் பாடம் நடத்திய அரசுப் பள்ளியின் நூலகத்துக்குப் புத்தகங்கள் கொடுப்பதைவிட நல்ல பரிசு எது? அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி' திட்டமே இருக்கிறது. என்ன செய்தீர்கள் என்பதைக் கைப்பட ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

வரிக் கணக்கு பற்றிச் சுருக்கமாக: தொண்டு நிறுவனத்தில் மெழுகுவர்த்தி வாங்கிய பில் நன்கொடை ரசீது ஆகாது. '80ஜி' என்று அறியப்படும், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

கடைசியாக, தீபாவளியன்று குழந்தைகள் இல்லத்துக்கு இனிப்போடு போகிறவர்களுக்கு. நான் போய்வரும் ஓர் இல்லத்தின் காப்பாளர் ஒருமுறை சரக்கு அறையைத் திறந்து காட்டினார். ஓர் அலமாரி முழுக்க லட்டுப் பெட்டிகள், சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. பக்கத்து அலமாரியில் குளியல் சோப்பு நான்கே நான்கு. அன்று காலையிலிருந்து ஆறு குழுக்கள் வந்துபோயிருந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டுப் பாடியிருந்தார்கள். சிலர் படமும் எடுத்திருந்தார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் வறுமை ஊருக்கெல்லாம் தெரிவதை எந்தப் பிள்ளை விரும்பும்?

"என்ன வேண்டும்?" என்று கேட்டேன். காப்பாளர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்: சோப்பு, தேங்காய் எண்ணெய், பெரிய பெண்களுக்கு நாப்கின், ஜூன் மாதத்துக்கு 38 ஜோடி செருப்பு. செருப்பு அளவுகளை மறுபக்கத்தில் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு அலுவலகத்தின் உலர்பழப் பணம் அந்தத் தாளுக்குத்தான் போனது.