கடல் இழுத்தால் என்ன செய்வது? ரிப் கரண்ட்டை அடையாளம் காண, தப்பிக்க

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் குளிக்க வருகிறவர்கள் அலை அடிக்காத அமைதியான இடமாகப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். பல நேரம் இழுப்பு இருப்பதே அங்கேதான். கரையேறிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் ஒன்றுகூடி, ஆறு போலக் கடலுக்குள் ஓடும். இதுதான் ரிப் கரண்ட். பள்ளத்தில் ஆழம் அதிகம், அதனால் அலை உடையாது, அதனால்தான் அந்த அமைதி.

1. இறங்கும் முன் 10 நிமிடம் பாருங்கள்

மேடான இடத்தில் நின்று, வெள்ளை நுரை வரிசை எங்கே அறுந்திருக்கிறது என்று கவனியுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் கருத்தோ மணல் கலங்கியோ இருக்கிறதா? மிதக்கும் குரும்பை ஒன்றைக் கண்ணால் தொடருங்கள். அலை அதைக் கரையில் தள்ளாமல், அது நேராக உள்ளே போனால் அங்கே இறங்கவே கூடாது. கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின் ஓரமும் ஆற்று முகத்துவாரமும் எப்போதும் ஆபத்து. நேற்று குளித்த இடம்தானே என்றும் நம்ப வேண்டாம். பெரிய அலைக்குப் பிறகு பள்ளம் இடம் மாறிவிடும். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலின் அலை வந்து சேரும். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம், இப்படித் திடீரென வரும் அலைக்கான 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுத்திருந்தால் கரையிலேயே இருங்கள்.

2. மாட்டிக்கொண்டால்

இழுப்பு உங்களை வெளியேதான் கொண்டுபோகும், அடியில் அமுக்காது. ஆளைக் கொல்வது பதற்றமும் களைப்பும். இழுப்பு வினாடிக்கு 2 மீட்டர் வரைகூடப் போகும், நீச்சல் சாம்பியனும் எதிர்த்து நீந்த முடியாத வேகம் அது. ஆகவே கரையை நோக்கி நீந்தாதீர்கள்.

மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையைத் தூக்கி ஆட்டிக் கத்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கமாக 30 முதல் 50 மீட்டர் நீந்துங்கள். நகரவே முடியவில்லையா? எதிர்ப்பக்கம் திரும்புங்கள். இழுப்பு விட்டதும் நுரை அலையோடு சாய்வாகக் கரைக்கு வாருங்கள். தெம்பே இல்லையென்றால் மிதந்தபடியே கையை ஆட்டிக்கொண்டிருங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் இழுப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

3. சர்ஃபிங் செய்பவர்களுக்கு

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அனுபவசாலிகள் அலைக்கு வெளியே போக இந்த இழுப்பையே பாதையாக்கிக்கொள்வார்கள். புதியவர்கள் அவர்கள் பின்னால் போகக் கூடாது. பலகையைக் காலோடு இணைக்கும் லீஷ் கயிற்றில் வெட்டு இருக்கிறதா, வெல்க்ரோ பிடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாட்டிக்கொண்டால் பலகையை விடவே விடாதீர்கள், அதுதான் உங்கள் மிதவை. போன வழியே திரும்பாமல், அலை உடையும் திட்டின் மேல் வாருங்கள்.

4. இன்னொருவர் மாட்டினால்

கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதால் ஒருவரைக் காப்பாற்றப் போய் நாலு பேர் போகிறார்கள். இறங்காதீர்கள். மூடி இறுகிய 20 லிட்டர் காலி கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். பக்கத்தில் உள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112-ஐ அழையுங்கள்.

கரைக்குக் கொண்டுவரப்பட்டவருக்கு மூச்சு இல்லையென்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். அழுத்தம் 5 செ.மீ. ஆழமாவது இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் 108-இல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நுரையீரலுக்குள் போன உப்புத் தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.