நெடுவரிசையில் தேடி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஆண்' என்பதை 'ஆ' என்று சுருக்க நினைத்து நெடுவரிசை முழுவதும் மாற்றினால், 'ஆண்டு' எல்லாம் 'ஆடு' ஆகிவிடும். தேடி மாற்றுவதில் நேரும் சேதம் பெரும்பாலும் இந்த வகைதான்: நாம் நினைக்காத இடத்திலும் வடிவம் பொருந்திவிடுகிறது. எக்செலில் முழுக் கலமும் பொருந்த வேண்டும் என்ற தேர்வை இடுங்கள். ரெஜெக்ஸ் (தேட வேண்டிய உரை வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை) என்றால் தொடக்கத்தில் ^, முடிவில் $.

கலத்தில் நீளமான வாக்கியம் இருந்தால் பலரும் ரெஜெக்ஸின் சொல் எல்லைக் குறியை (\b) நம்புகிறார்கள். தமிழுக்கு அது கைகொடுக்காது. பைத்தான் நிரல்மொழியோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம் புள்ளியையும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கருதுவதில்லை. அதனால் இருபுறமும் எல்லைக் குறி இட்டு 'ஆண்' என்று தேடினால், தனியே நிற்கும் 'ஆண்' அகப்படாது, 'ஆண்டு' அகப்படும்! முன்னும் பின்னும் இடைவெளி, நிறுத்தற்குறி, கலத்தின் எல்லை ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும் என்று நீங்களே வடிவத்தில் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இருக்கும் சொல் கிடைக்கவில்லை என்றால் குறியீட்டைச் சந்தேகியுங்கள். 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. தேடும் முன் நெடுவரிசையை என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான வடிவத்துக்கு இயல்பாக்கம் செய்யுங்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய தரவில் சாதாரண இடைவெளி போலவே தோன்றும் முறியா இடைவெளியும் (அவ்விடத்தில் வரி உடையாமல் தடுக்கும் தனிக் குறி) இப்படி ஏமாற்றும்.

ரெஜெக்ஸில் முற்றுப்புள்ளி (.) எந்த எழுத்தையும் குறிக்கும். அந்தப் புள்ளியையே தேட முன்னால் பின்சாய்கோடு (\) வேண்டும். எக்செலில் நட்சத்திரக் குறியைத் தேட ~* என்று இடவேண்டும். வெறும் * இட்டு வெற்றாக மாற்றினால் கலங்களே காலியாகிவிடும்.

'00-7421' போன்ற குறியீட்டில் எக்செலின் தேடி மாற்றும் வசதியால் இடைக்கோட்டை நீக்கினால், பொது வடிவக் (General) கலத்தில் 7421 என்ற எண்தான் மிஞ்சும். முன் பூச்சியங்கள் போனது போனதுதான். சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) சார்பு உரையாகவே திருப்பித் தரும் என்பதால் இங்கே அதையே பரிந்துரைப்பேன்.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் பயன்படுத்துவோர் பதிப்பைப் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த 2.0 முதல், உரைக்கான மாற்றுச் செயல் (str.replace) தானாக ரெஜெக்ஸாக இயங்காது; பழைய நிரல் பிழை காட்டாமலே எதையும் மாற்றாது விட்டுவிடலாம். எண்ணும் உரையும் கலந்த நெடுவரிசையில் எண்கள் வெற்று மதிப்பாகிவிடுவதும் உண்டு.

1-ஐ 2 ஆகவும் பிறகு 2-ஐ 3 ஆகவும் மாற்றினால் இரண்டும் 3-இல் போய் நிற்கும். எனவே மாற்றங்களை ஒரே பட்டியலாகக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்யுங்கள். விடையைப் புதிய நெடுவரிசையில் எழுதி, மாறிய மதிப்புகளை மட்டும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மூலத்தை நீக்குங்கள்.