வாட்டர்கிரெஸ் வளர்க்க ஓடை வேண்டாம், ஒரு தயிர்ச் சட்டி போதும்

நுவரெலியாவில் ஹோட்டல்களுக்குச் சலாது இலை அனுப்புகிற ஒருவர் போன வருடம் ஒரு கட்டு வாட்டர்கிரெஸ் தந்தார். நானுஓயா வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். முதலில் முள்ளங்கி மாதிரி இருந்தது, இரண்டு நொடியில் கடுகுக் காரம் மூக்கில் ஏறியது. அம்மா அன்றே அதற்குக் "காரக்கீரை" என்று பெயர் வைத்துவிட்டார்.

தாவரவியலில் இதன் பெயர் நஸ்டேர்சியம் ஒஃபிசினாலே. வேலியோரம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கிற நஸ்டேர்சியம் கொடி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இது கடுகுக் குடும்பத்துக் கீரை. குளிரும் ஈரமும் இருந்தால் போதும், அதனால் நம் மலைக்கு ஏற்றது.

சத்து விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 100 கிராம் பச்சை இலையில் கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர், 11 கலோரி, 43 மில்லிகிராம் விட்டமின் சி, 120 மில்லிகிராம் கல்சியம், 250 மைக்ரோகிராம் விட்டமின் கே. அதே எடைப் பசும்பாலில் இருக்கிற அளவு கல்சியம் இது. கல்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கிற ஆக்சலேட் குறைவு என்பதால் நன்றாகச் சேரும். 2014இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் வந்த 41 காய்கனிகளின் பட்டியலில் இதுதான் முதலிடம், 100க்கு 100. ஆனால் அந்தக் கணக்கு கலோரிக்கு எவ்வளவு சத்து என்று பார்ப்பது. 11 கலோரி உள்ள இலை அதில் முந்தாமல் வேறு என்ன செய்யும்? ஒரு சாப்பாட்டுக்கு நாம் சாப்பிடுவது ஒரு கைப்பிடி, அதாவது 25, 30 கிராம். அதற்கேற்ற எதிர்பார்ப்போடு இருங்கள்.

தண்டு

விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கவைப்பது பொறுமைக்குச் சோதனை. என் கட்சி தண்டுதான். வாங்கிய கட்டிலிருந்து, கணுக்களில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கிற தண்டுகளாகப் பொறுக்கி, கீழ் இலைகளைக் கழற்றி, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். ஒரு வாரத்தில் வேர் தாடி மாதிரி தொங்கும்.

மண்

லயத்துக்குப் பின்னால் தேயிலை அடியிலிருந்து மண் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், மூன்றாம் வாரம் இலையெல்லாம் மஞ்சள். தேயிலை புளித்த, அதாவது அமில மண்ணில் வாழ்கிற செடி, வாட்டர்கிரெஸ்ஸுக்கோ சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர்தான் இஷ்டம். பாதி கொம்போஸ்ட், பாதி தும்புத்தூள், ஒரு சட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள். தோட்டத்தில் கவ்வாத்துக் காலத்தில் போடுகிற அதே டொலமைட்தான். முட்டை ஓட்டைத் தூள் பண்ணிப் போடலாம் என்பார்கள், அது கரைவதற்குள் உங்களுக்குக் கீரை ஆசையே போய்விடும்.

தண்ணீர்: நான் மாட்டிக்கொண்ட இடம்

பெயரிலேயே வாட்டர் இருக்கிறதே என்று, முதல்முறை ஒரு நீல பேசினில் தண்ணீர் நிரப்பிச் சட்டியை நடுவில் வைத்தேன். செடி நன்றாகத்தான் வந்தது. பத்தாம் நாள் டெங்கு சோதனைக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குனிந்து பார்த்து, டோர்ச் அடித்து, "இங்க வாங்க" என்றார். தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்கே போடலாம். எச்சரிக்கையோடு விட்டது என் அதிர்ஷ்டம். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

அப்புறம்தான் புரிந்தது: இந்தச் செடிக்குக் கால் நனைந்திருந்தால் போதும், தண்ணீர் வெளியே தெரியவேண்டிய அவசியமே இல்லை. இப்போது செய்வது இப்படி.

தயிர்ச் சட்டியின் அடியில் மூன்று துளை போடுங்கள். சட்டியை ராத்திரி முழுதும் ஊறப்போட்டு, ஈர மணலில் கவிழ்த்து, டிரில்லில் கல் துளைக்கும் பிட் மாட்டி, ஹேமர் முறையை அணைத்துவிட்டு மெதுவாகத் துளைக்கவேண்டும். அவசரப்பட்டு இரண்டு சட்டி உடைத்தேன். பிளாஸ்டிக் சட்டியிலும் வளரும், ஆனால் மண் சட்டியில் வேர் குளிர்ச்சியாக இருக்கும்.

துளை போட்ட சட்டியில் மண் கலவையை நிரப்பி, வேர்விட்ட தண்டுகளை நட்டுப் பேசினில் வைத்து, சுற்றிலும் கழுவிய சல்லிக்கல்லை மூன்று அங்குல உயரத்துக்கு நிரப்புங்கள். தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது. மேலே ஒரு அங்குலம் காய்ந்த கல் இருந்தால் நுளம்புக்கு முட்டையிட இடமில்லை. கல்லுக்குள் விரலை விட்டால் இரண்டாம் கணுவுக்குள் ஈரம் தட்டவேண்டும்.

வாரம் ஒருமுறை புதுத் தண்ணீர் ஊற்றிப் பழையதை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பாசி நாறும். எங்கள் வீட்டில் பீலித் தண்ணீர்தான், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒரு வாசகி, மழையில் பேசின் நிரம்பிக் கல் முங்கிவிட்டது என்று எழுதினார். தென்மேற்குப் பருவ மழையை நான் யோசிக்கவே இல்லை. சூடாக்கிய ஆணியால் பேசினின் பக்கச் சுவரில், அடியிலிருந்து சரியாக இரண்டு அங்குலத்தில் இரண்டு துளை போடுங்கள். மிஞ்சுகிற தண்ணீர் தானாக வழிந்துவிடும்.

பறிப்பதும் சாப்பிடுவதும்

ஒன்று, ஒன்றரை மாதத்தில் நுனியிலிருந்து ஒரு சாண் கிள்ளலாம். நான்கு இதழ் வெள்ளைப் பூ வந்துவிட்டால் இலை கசக்கும், மொட்டு கண்டதும் கிள்ளிவிடுங்கள்.

ஓடையில் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்தால் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். மாடு, ஆடு மேய்கிற இடத்து ஓடையில் ஈரல் தட்டைப்புழுவின் கூடுகள் நத்தை வழியாக வந்து இந்த இலையில்தான் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரிலோ வினாகிரியிலோ கழுவினால் போய்விடும் என்று நம்ப முடியாது, சமைத்தால்தான் சாகும். மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் மருந்துத் தண்ணீரும் அதே ஓடைக்குத்தான் வரும்.

எங்கள் வீட்டுச் சம்பல்: இரண்டு கைப்பிடி இலை, கால் மூடித் தேங்காய்ப்பூ, ஐந்து சின்ன வெங்காயம், ஒரே ஒரு பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி மாசித்தூள், உப்பு, அரைத் தேசிக்காய். வல்லாரைச் சம்பல் மாதிரிதான், ஆனால் இலையை முன்கூட்டியே அரிந்து வைக்கக்கூடாது. இலை உடையும்போதுதான் ஃபினெத்தில் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் உண்டாகிறது, அது சீக்கிரம் ஆவியாகிவிடும். ரொட்டி கல்லில் வேகும்போது மற்றதையெல்லாம் பிசைந்து வைத்து, கடைசியில் இலையை அரிந்து போட்டுப் புரட்டுங்கள். பால் சொதியிலும் போடலாம், காரம் போய் வெறும் கீரையாகிவிடும். அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

இன்னொரு வாசகரின் தந்தை இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுக்கிறாராம். விட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். டொக்டரிடம் கேட்காமல் இந்தக் கீரையைத் திடீரென்று சாப்பாட்டில் கூட்டாதீர்கள்.

கிள்ளியபின் மிஞ்சும் அடித்தண்டைத் திரும்பக் கிளாஸில் போட்டால் அடுத்த சட்டி தயார். அதிகமானதைக் கொம்போஸ்ட்டில் போடுங்கள். ஓடையில் எறியவேண்டாம், ஒரு துண்டு போதும், அங்கேயே வேர்விட்டுத் தண்ணீர் போகிற வழியை அடைத்துவிடும்.