ஓரத்தில் நிற்பவர்களை வெட்டாதீர்கள்

படக்கலையும் வடிவமைப்பும் படிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரின் படங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. முதலாம் வருடத்தில் நான் அடித்த அதே கூத்துகள். தொடுவானம் சரிவது, கை ஆடுவது போன்றவை தானாகத் திருந்திவிடும், அவற்றை விடுவோம்.

ஃபிரேமை விளிம்புவரை நிரப்புவது

இதைக் கண்டால் இன்றைக்கும் எரிச்சல் வரும். "ஃபிரேமை நிரப்பு" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தனி ஆளின் முகம் என்றால் சரி. ஒரு குடும்பமே வரிசையில் நிற்கும்போது இடது பக்க மாமாவின் தோளும் வலது பக்க அம்மம்மாவின் கையும் விளிம்பில் உரச எடுத்தால் வில்லங்கம்தான்.

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கமெராக்களின் படத்தில் நீள அகல விகிதம் 3:2. அது 8x12 அங்குல அச்சுக்கு அப்படியே பொருந்தும். வீட்டுக்காரர் கேட்பதோ 8x10. வெள்ளை விளிம்பு விடாமல் அடித்தால் 12 அங்குலத்தில் 2 அங்குலம் போய்விடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. மாட்டும் சட்டமும் சுற்றிவரச் சில மில்லிமீற்றரை விழுங்கும். ஓரத்தில் நிற்பவர்கள் யாரென்று பாருங்கள்: சமையல் பக்கத்திலிருந்து கடைசி நேரத்தில் கூட்டிவந்த கிழவி, இல்லாவிட்டால் புது மருமகன். இரண்டு பேருமே கோபித்தால் லேசில் ஆறமாட்டார்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சாமத்திய வீட்டுக்கு எங்கள் தம்பி ஒருவர் படம் எடுத்தார். சட்டம் போட்ட 8x10ஐ அம்மம்மா வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "என்ட கை எங்க மனே?" என்றார். அன்றைக்கென்றே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட காப்பு இருந்த கை அது. தம்பி தன் காசில் 8x12 அடித்து, புதுச் சட்டமும் வாங்கிக் கொடுத்தார். அதில் கை வந்தது. காப்பில் பாதியைச் சட்டம் மறைத்துவிட்டது. திரும்ப எடுக்கவும் வழியில்லை, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தி குடும்பம் அதற்குள் விமானம் ஏறிவிட்டது.

பின்னால் இரண்டு அடி வையுங்கள். தெளிவு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். 24 மெகாபிக்சல் கமெரா தருவது ஏறக்குறைய 6000x4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து 8x12 அடிக்க 3600x2400 போதும். மிச்சம் தாராளமாக இருக்கிறது.

அல்பத்துக்கும் இதே கதை. இரண்டு பக்கம் விரியும் படத்தில் நடுமடிப்பு பெண்ணின் மூக்கில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் நோட்டீசுக்கு எடுத்தால் தலைப்புக்கு வானம் வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துக் கோபுரத்தின் மேல்தான் ஏறும். வெற்றிடத்தைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதுகிற பிள்ளைகள், ஃபிரேமுக்குள் அதைக் கண்டவுடன் ஸூமைத் திருகுகிறார்கள்!

வெள்ளை வேட்டி

மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், உச்சி வெயில், இருண்ட மண்டபத்துக்கு முன்னால் வேட்டியோடு ஒருவர். கமெரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வேட்டி மடிப்பெல்லாம் வெளிறிப் போகும். ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுங்கள். நிழலைப் பிறகு ஓரளவு தூக்கலாம். முழுதாக வெளிறிய வெள்ளையை மீட்க முடியாது, கமெரா பதப்படுத்தாமல் பதியும் ரோ ஃபைலிலும்தான்.

நடுவில் வைக்கவே கூடாது என்பது

வைக்கலாம். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் நடுவில் நின்று, இருபக்க இரும்புச் சட்டங்களும் சமமாக வர எடுத்துப் பாருங்கள். அங்கே, படத்தை மூன்றாகப் பிரித்துப் பிரிகோட்டில் ஆளை வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதியைக் கொண்டுவந்தால் படம் கெட்டுவிடும்.

புது லென்ஸ்

முதலில் பழையதைத் துடையுங்கள்.

ஃபோனில் பார்த்தே திருப்திப்படுவது

மாதத்துக்கு ஒன்றாவது அச்சடியுங்கள். 4x6 போதும்.