வானத்திலிருந்து களைக்கொல்லி விழுந்த நிலத்தில் முதல் 21 நாள்

மருந்து தெளித்த விமானம் போன மறுநாள் போய்ப் பார்த்தால், தோட்டத்தில் ஒன்றுமே ஆகாத மாதிரிதான் இருக்கும். இலை பச்சையாக இருக்கும், கோழி மேயும், பிள்ளைகள் ஆற்றில் குளிப்பார்கள். "சரி, தப்பித்தோம்" என்று திரும்பிவிட்டால், பின்னால் நட்டஈடு கேட்டுப் போடும் வழக்கில் பாதி அங்கேயே போய்விட்டது. கிளைபோசேட் என்கிற அந்தக் களைக்கொல்லி மெதுவாக வேலை செய்கிற மருந்து. இலை வழியாக உள்ளே போய், குருத்துக்கும் வேருக்கும் இறங்கி, செடியைப் பட்டினி போட்டுக் கொல்லும். கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும், மரப்பயிருக்கு இன்னும் அதிகம். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை முதல் நாளே தொடங்குகிறது, மூன்று வாரம் நடக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஈக்வடாரின் வடகிழக்கு மூலையில், சுக்கும்பியோஸ் மாகாணத்தில். அங்கே சான் மிகேல் ஆறுதான் எல்லை. இந்தக் கரை ஈக்வடார், அந்தக் கரை கொலம்பியாவின் புத்துமாயோ. கோக்கெய்ன் போதைப்பொருள் எடுக்கிற கோக்கா செடியை ஒழிக்க அமெரிக்கப் பணத்தில் நடந்த 'பிளான் கொலம்பியா'வின் கீழ், 2000-ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து புத்துமாயோவில் விமானங்கள் பெரிய அளவில் மருந்து தெளித்தன. ஹெக்டேருக்குச் சுமார் 23 லிட்டர் கலவை. அதில் 44 சதவீதம் கிளைபோசேட் மருந்து, 55 சதவீதம் தண்ணீர், 1 சதவீதம் இலையில் ஒட்டிப் பிடிக்க 'காஸ்மோ-ஃப்ளக்ஸ்'. காற்றுக்கு எல்லை தெரியாது. ஈக்வடாரின் வற்புறுத்தலால் 2005 டிசம்பரில் எல்லையோரத்தில் தெளிப்பதை நிறுத்தினார்கள். 2006 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த டிசம்பரில் நான் அங்கே இருந்தேன். தோட்டக்கலை படித்தவள், ஓரளவு ஸ்பானிஷ் தெரியும் என்பதால், ஒரு சிறிய குழுவில் வீடு வீடாகப் போய் எழுதிக்கொள்கிற வேலை எனக்கு.

முதலில் நோட்டு. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டே போதும், ஆனால் தைத்ததாக இருக்க வேண்டும். தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நோட்டு. முதல் பக்கத்தில், விமானம் வந்த நேரம், எத்தனை விமானம், கூட ஹெலிகாப்டர் வந்ததா, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, புகை போல இறங்கியது எவ்வளவு தூரத்தில், காற்று எந்தப் பக்கம் அடித்தது, அன்று மழை பெய்ததா, பெய்தால் எத்தனை மணி நேரம் கழித்து. மழை முக்கியம். தெளித்த உடனே பெருமழை பெய்தால் இலையில் உள்ள மருந்து கழுவிப் போய்விடும். அதை மறைத்தால் பின்னால் வானிலைப் பதிவைக் காட்டி உங்கள் நோட்டையே பொய் என்பார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் கிராமத்தில் பலருக்குச் சொல்ல வராது. ஆற்றோரம் இருந்த ஒரு பெரியம்மாவை நான் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை 'மிஹித்தா' என்பார், 'என் மகளே' என்கிற மாதிரி. அவரிடம் மூன்று தடவை நேரம் கேட்டேன், மூன்று தடவையும் "காலையில்" என்றார். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "தோன்யா, சத்தம் கேட்டபோது கையில் என்ன வைத்திருந்தீர்கள்?" உடனே சொன்னார்: மரவள்ளித் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன், அடுப்பில் இன்னும் வைக்கவில்லை, பேரன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் படகுத்துறைக்குப் போய்விட்டான். படகு புறப்படும் நேரம் படகுக்காரருக்குத் தெரியும். ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் என்று வந்துவிட்டது. மணியைக் கேட்காதீர்கள், கையில் இருந்த வேலையைக் கேளுங்கள்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். 'விஷம் கொட்டினார்கள்' என்று அவர் சொன்னால் அதை மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னதாக எழுதுங்கள். உங்கள் வரியாக எழுதாதீர்கள். உங்கள் வரியில் கண்டது மட்டும்.

இப்போது இலைக்கு வருகிறேன். ஏழாம் நாள் என்னோடு ஒரு வாழை மரத்தின் முன் நிற்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இலையைப் பார்ப்பீர்கள்? பழக்கத்தில் கீழே தொங்கும் காய்ந்த இலைக்குத்தான் கண் போகும். அது வேண்டாம். கீழ் இலையில் கருப்புக் கீற்றுகள் இருந்தால் அது பெரும்பாலும் சிகடோக்கா, இலைப்புள்ளி நோய். கீழ் இலையின் ஓரம் மட்டும் கருகியிருந்தால் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். கிளைபோசேட் குருத்தில் தெரியும். புதிதாக விரிகிற இலை வெளுத்து, மஞ்சளாகி வரும். அதற்குப் பிறகு வருவது விரியாமல் பட்டையாக, குறுகலாக நிற்கும். காப்பிச் செடியிலும் நுனித் தளிர்தான் சாட்சி, சின்னச் சின்னதாக, வாள் போல ஒல்லியாகக் கொத்தாக வரும். மருந்து பட்ட மறுநாளே இலையில் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள், அது பாராகுவாட் மாதிரி வேறு மருந்தின் வேலை. யாராவது பக்கத்து வயலில் கைத்தெளிப்பான் வைத்து அடித்தார்களா என்று கேட்டு, பதிலையும் எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத பதிலாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஒரே செடியை 1, 3, 7, 14, 21-ஆம் நாட்களில் படம் எடுக்க வேண்டும். தரையில் ஒரு குச்சி நட்டு, அந்தக் குச்சியில் நின்றே ஐந்து படமும். படத்துக்குள் அன்றைய தேதி எழுதிய தாள் ஒன்று தெரியட்டும். ஒரு செடி போதாது. ஆற்றங்கரையிலிருந்து உள்ளே பத்து பத்து அடியாக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு செடி. காற்றில் வந்த மருந்து என்றால் எல்லைப் பக்கம் சேதம் அதிகமாக, உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே போகும். நோய் அப்படி வரிசையாக வராது. பெரிய மரத்தின் மறைவில், கூரைக்குப் பின்னால் இருக்கும் செடியைக் கட்டாயம் எடுங்கள். அதே மண், அதே வயது, ஆனால் பச்சையாக நிற்கிற அந்த ஒரு செடி நூறு பக்க மனுவை விடப் பலமானது. தோன்யாவின் தோட்டத்தில் அது கொட்டகைச் சுவரை ஒட்டி நின்ற நாலு மரவள்ளி. திறந்த வெளியில் இருந்தவை பதினான்காம் நாள் தலை வெளுத்துத் தொங்கின. சுவரோரத்து நாலும் அப்படியே இருந்தன. நான் ஒரு அலுவலகத்துக்கு வெளுத்த செடிகளின் படத்தை மட்டும் எடுத்துப் போனேன். "இது நோய் அம்மா" என்று இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். சுவரோரத்துச் செடியின் படத்தோடு மறுபடி போனபோதுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

மாதிரி எடுப்பதில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எடுப்பதற்கு முன்பே ஆய்வகத்தைக் கேளுங்கள்: கிளைபோசேட்டை உங்களால் பார்க்க முடியுமா, எந்தப் பாத்திரத்தில் வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். சாதாரணப் பூச்சிமருந்துப் பரிசோதனையில் கிளைபோசேட் சிக்காது, தனி முறை வேண்டும். நான் முதலில் எடுத்த இலைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பேருந்தில் கொண்டு போனேன். அந்த வெப்பத்தில் அழுகிவிட்டன, ஆய்வகம் வாங்க மறுத்துவிட்டது. ஒரு குடும்பத்தின் ஒரே சாட்சி அது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இலையைக் காகிதப் பையில் வைத்து, குளிர்ப்பெட்டியில் ஐஸோடு கொண்டு போங்கள். இரண்டு பை எடுங்கள்: ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று உறையவைத்துப் பத்திரமாக. ஒட்டிய வாயின் மேல் குறுக்காக எடுத்தவரும் வீட்டுக்காரரும் கையெழுத்து. கை மாறும் ஒவ்வொரு தடவையும் யார் யாரிடம் கொடுத்தார் என்று தேதியோடு ஒரு வரி.

உடம்பு விஷயத்தில் நாம் மருத்துவர் அல்ல. கண் எரிச்சல், தோல் தடிப்பு, வாந்தி, எதுவானாலும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் தேதியிட்ட சீட்டு வாங்குவதுதான் நம் வேலை. மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். எனவே சிறுநீர்ப் பரிசோதனை என்றால் முதல் ஓரிரு நாளில் மருத்துவர் வழியாகத்தான். முன்பே இருந்த நோயையும் எழுதுங்கள். சுக்கும்பியோஸ் எண்ணெய்க் கிணறுகள் உள்ள பூமி. கச்சா எண்ணெய்க் குட்டைகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. "தோல் நோய் எண்ணெயால் வந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லத்தான் செய்யும். குட்டை எத்தனை தூரத்தில் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, தடிப்பு எப்போது வந்தது என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

விஞ்ஞானமும் ஒரே குரலில் பேசவில்லை. 2005-ல் அமெரிக்க நாடுகள் அமைப்புக்காக வந்த ஆய்வு மனிதருக்கு ஆபத்து குறைவு என்றது. 2007-ல் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் வசித்த 24 பேரின் ரத்தத்தைப் பார்த்த ஈக்வடார் ஆய்வாளர்கள் மரபணுச் சேதம் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். அதே ஆண்டு ஐ.நா.வின் சுகாதார உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் பால் ஹன்ட், எல்லையோர மக்களின் உடல்நலமும் மனநலமும் பாதிக்கப்பட்டதற்கு நம்பத்தக்க சான்று இருக்கிறது என்று சொன்னார். மனநலம் என்று அவர் சேர்த்துச் சொன்னது எனக்கு முக்கியம். விமானச் சத்தம் கேட்டாலே பாயைப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போகும் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

நோட்டு தயாரானதும், எந்தக் கதவைத் தட்டுவது?

ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு நாடுதான் போக முடியும், தோன்யா போக முடியாது. ஈக்வடார் 2008 மார்ச் 31 அன்று கொலம்பியா மீது அங்கே வழக்குப் போட்டது. 1988-ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவே, கோக்காவை ஒழிக்கும்போது அடிப்படை மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்கிறது. மனு எழுதும் எவரும் அந்தப் பிரிவைக் கையில் வைத்திருக்கலாம். 2013 செப்டம்பர் 9-ல் இரு நாடும் சமரசம் செய்துகொண்டன. கொலம்பியா 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குத் தெளிப்பில்லா மண்டலம் வந்தது, மருந்து காற்றில் வருகிறதா என்று பார்க்கக் கூட்டுக் குழுவும் வந்தது. வழக்கு திரும்பப் பெறப்பட்டதால் தீர்ப்பு எழுதப்படவே இல்லை. பணம் எல்லையோர வளர்ச்சிக்கு என்றே போனது, வாழை போன வீட்டின் பெயருக்கு அல்ல. இதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாடு ஜெயிப்பதும் வீடு ஜெயிப்பதும் வேறு வேறு.

வீட்டுக்கான வழியில் நோட்டுதான் எல்லாம். தெளிப்பு ஒப்பந்தம் வைத்திருந்த டைன்கார்ப் நிறுவனத்தின் மீது 2001-ல் ஈக்வடார் விவசாயிகள் வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் கேட்ட கேள்வித்தாளை முழுதாக நிரப்பித் தரவில்லை என்று பலருடைய கோரிக்கை தள்ளுபடியானது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஆனால் உடம்பின் மேல் மருந்து விழுந்தது, நிம்மதி கெட்டது என்கிற வகைக் கோரிக்கைகளுக்கு நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று அதே நீதிமன்றம் வழியும் விட்டது. எத்தனையோ வருடம் கழித்து, எந்த நாள், எந்த இடம் என்று ஒருவர் கேட்கும்போது யாரால் நினைவிலிருந்து சொல்ல முடியும்?

அங்குள்ள கிச்சுவா, ஆவா மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டு எழுதுங்கள்: தெளிப்பதற்கு முன் யாராவது உங்களைக் கேட்டார்களா? பழங்குடிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169-ஆம் உடன்படிக்கை சொல்கிறது, இரு நாடுகளும் அதை ஏற்றவை. கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றமே 2003-ல் அமேசான் பழங்குடிகளைத் தெளிப்பு பற்றிக் கலந்தாலோசிக்க உத்தரவிட்டது. "கேட்கவில்லை" என்கிற ஒற்றை வரி, தேதியோடும் கையெழுத்தோடும் இருந்தால், தனி உரிமைக் கோரிக்கை.

நட்டத்தைக் கணக்குப் போட முந்தைய வருடத்துக் காப்பி வியாபாரியின் சீட்டு, அரிசி மூட்டைக் கணக்கு, எது கிடைத்தாலும் நோட்டோடு கட்டி வையுங்கள். நோட்டுக்கு மூன்று நகல்: ஒன்று வீட்டில், ஒன்று உங்களிடம், ஒன்று எல்லையை விட்டுத் தள்ளி இருக்கும் யாரிடமாவது.

பேனாவால் எழுத வேண்டாம். அந்த ஊர் ஈரத்தில் மை ஊறிப் பரவிவிடும். தோன்யாவின் முதல் நோட்டு அப்படித்தான் நீலக் கறையானது. இரண்டாவதை அவரே பென்சிலில் எழுதச் சொல்லி, உப்பு வைக்கும் தகர டப்பாவில் மூடி வைத்தார். நான் கிளம்பும்போது திறந்து காட்டினார், ஒரு எழுத்துகூடக் கலையவில்லை.