குண்டுமல்லிக்குத் தொட்டி மாற்றும் முறை

மாடித் தொட்டியில் இரண்டு ஆண்டுகள் தாராளமாகப் பூத்த குண்டுமல்லி, மூன்றாம் ஆண்டில் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றால், உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் போடுவதே பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் பொறுமை இழந்து தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, உள்ளே மண் என்று சொல்லும்படி அதிகம் மிச்சமில்லை. வேர்கள் தொட்டியின் உட்சுவரை ஒட்டிக் கயிறு திரித்ததுபோல் சுற்றிக் கிடந்தன. போட்ட உரமெல்லாம் நீரோடு அடித்துளை வழியே வெளியேறியிருக்கிறது.

உங்கள் செடிக்கும் தொட்டி மாற்றும் வேளை வந்துவிட்டதா என்பதை எளிதில் அறியலாம். ஊற்றிய நீர் நிற்காமல் உடனே கீழே வடிந்தாலோ, அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தாலோ, காலையில் நீர் விட்டும் நண்பகலில் இலைகள் தொய்ந்துபோனாலோ, இனித் தாமதிக்க வேண்டாம்.

எப்போது செய்வது?

தொட்டி மாற்றுவதையும் கவாத்து செய்வதையும் (கிளைகளை வெட்டிவிடுவதையும்) ஒரே நாளில் வைத்துக்கொள்வது நல்லது. வேரைக் குறைக்கும்போது, அது தாங்க வேண்டிய கிளைகளையும் குறைத்தால்தான் செடி வாடாமல் தேறும். மேலும், குண்டுமல்லி புதிதாக விடும் தளிர்களின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பதால், பழைய கிளைகளை வெட்டாமல் புது மண்ணை மட்டும் கொடுப்பதில் பாதிப் பயன்தான் கிடைக்கும். தோட்டங்களில் நவம்பர் இறுதியில், தரையிலிருந்து சுமார் 45 முதல் 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டுவார்கள். மார்ச் முதல் பூ வரத் தொடங்கும். கடலோர மாவட்டங்களில் நவம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவமழை ஓயாதிருப்பதால், வெட்டுவாயில் நீர் தங்கி அழுகுவதற்கு இடம் தராமல், மழை விட்ட பிறகு மார்கழியில் செய்வதே என் வழக்கம். ஏப்ரல், மே மாத வெயிலில் மட்டும் வேரைத் தொடவே கூடாது.

தொட்டியும் மண்கலவையும்

புதிய தொட்டி பழையதைவிட இரண்டு அல்லது மூன்று அங்குலம் அகலமாக இருந்தால் போதும். செடி வளரத்தானே போகிறது என்று ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து, வேரழுகலுக்கு வழிவகுக்கும். மண் தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியேற்றும் என்பதால் அது விரைவில் காயும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நெடுநேரம் நிற்கும். நீர் ஊற்றும் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாக விற்கப்படும் நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், அதை ஊறவைத்து, இரண்டு முறையாவது நீரை வடித்த பிறகே சேர்க்க வேண்டும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் அரைக் கைப்பிடி எலும்புத்தூளும் போதுமானவை. ஈரமான கலவையை உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். உதிராவிட்டால் களி மிகுதி என்று கொண்டு, இன்னும் சிறிது நார்க்கழிவைச் சேர்க்கலாம்.

மாற்றும் முறை

முந்தைய நாள் மாலையில் செடிக்கு நீர் விட்டு, மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். முதலில் கூர்மையான கத்தரியால் காய்ந்த, மெலிந்த, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை நீக்கிவிட்டு, மற்றவற்றை ஏறக்குறைய பாதி உயரத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

பிறகு தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உட்சுவரை ஒட்டி ஒரு பழைய கத்தியைச் சுற்றிலும் விட்டு, தொட்டியின் வெளிப்புறத்தைத் தட்டினால், மண் உருண்டை தானாக நழுவி வரும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெளியே எடுத்த உருண்டையில் கறுத்துக் குழைந்த வேர்களை முழுவதும் வெட்டி எறியுங்கள். சுற்றிக் கிடக்கும் வேர்களைச் சுற்றியபடியே புதுத் தொட்டிக்குள் வைத்தால் அவை அங்கேயும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே உருண்டையின் பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீறிவிட்டு, அடிப்பகுதியில் பின்னிக் கிடப்பதைச் சிறிது நறுக்கிவிடுங்கள்.

நாற்றங்காலில் புதிதாக வாங்கும் கன்றுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. கறுப்புப் பைக்குள் இருப்பது பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டை. அதை அப்படியே பொலபொலப்பான கலவைக்குள் வைத்தால், ஊற்றும் நீர் உருண்டைக்குள் புகாமல் அதைச் சுற்றி ஓடிவிடும். நான் வாங்கிய முதல் கன்று, நாள்தோறும் நீர் ஊற்றியும் பட்டுப்போனது. பிடுங்கிப் பார்த்தபோது மேல் மண் நனைந்திருக்க, உருண்டையின் உட்புறம் செங்கல்போல் காய்ந்திருந்தது. அத்தகைய கன்றை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் வைத்து, ஓரத்துக் களிமண் இளகியதும் விரலால் மெல்லக் கரைத்துவிட்டு நடுங்கள்.

அடித்துளைகளின் மேல் ஓட்டுச்சில்லை வளைவு மேல்நோக்க வைத்து, கலவையைப் பரப்பி, பழைய ஆழத்திலேயே செடி நிற்குமாறு நிறுத்தி, சுற்றிலும் நிரப்புங்கள். மேலே இரண்டு விரற்கிடை காலியாக இருக்கட்டும். அடியில் வடியும் வரை நீர் ஊற்றுங்கள். மண் அமிழ்ந்தால் மேலும் சிறிது கலவை இடுங்கள்.

பிந்தைய பராமரிப்பு

ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு படிப்படியாக வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். சில இலைகள் பழுத்து உதிர்வது இயல்பு. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது கிடைக்காத மல்லிகையிடம் பூவை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. மேல் மண்ணில் ஓர் அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுங்கள்.

முதல் ஒரு மாதம் உரம் வேண்டாம். வெட்டுப்பட்ட வேருக்கு அது சுமை. பிறகு 50 கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். அளவு மிஞ்சினால் இலைதான் செழிக்கும். தேயிலைச் சக்கையையும் முட்டை ஓட்டையும் மேல் மண்ணில் கொட்டுவோரும் உண்டு. மக்காத நிலையில் அவற்றால் வருவது கொசு போன்ற சிறு பூச்சிகள்தான்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுத்தால், இரும்புச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். உவர்நீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி நேரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மொட்டுகளில் துளையிருந்தால் மொட்டுப்புழு வந்துவிட்டது. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து வாரம் ஒரு முறை தெளிக்கலாம்.

ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும், பூத்த நுனியை அதற்குக் கீழுள்ள இரண்டு இலைச் சோடிகளோடு கிள்ளிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து பிரியும் இரண்டு தளிர்களும் அடுத்த சுற்றுக்கு மொட்டு ஏந்தும்.