அசுவினிக் குளவியின் வயதும் அனுபவமும்: சோதனையிலும் வயலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைக் கட்டுப்படுத்த, அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளை விடுபவர்களும் சரி, ஆய்வகத்தில் அவற்றை வைத்துச் சோதனை செய்பவர்களும் சரி, ஒரே இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு பெண் குளவிக்கும் இன்னொரு பெண் குளவிக்கும் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றில் ஒரு வகையான அஃபிடியஸ் பேரினக் குளவி இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். வயிற்றை வளைத்து, கால்களுக்கு நடுவே முன்பக்கம் நீட்டி, கண்மூடித் திறப்பதற்குள் அசுவினியைக் குத்தி ஒரு முட்டையை உள்ளே செலுத்திவிடும். அந்த வேகத்தைப் பார்த்தால் யோசித்துச் செய்வதாகத் தோன்றாது. ஆனால் எந்தச் செடியைத் தேடிப் போவது, எந்த அசுவினியைக் குத்துவது, எப்போது அங்கிருந்து கிளம்புவது எல்லாமே, அது இதுவரை எதைச் சந்தித்தது, இன்னும் எவ்வளவு ஆயுள் பாக்கி என்பதைப் பொறுத்து மாறும்.

தவறுகளில் பெரியது, வயதையும் அனுபவத்தையும் ஒன்றாகக் குழப்புவது. நேற்று வெளிவந்த குளவிகளையும், நான்கு நாளாக அசுவினிக் கூண்டிலேயே இருந்த குளவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வயது கூடினால் வேகம் கூடுகிறது" என்று எழுதிவிடுவார்கள். அந்த நான்கு நாளில் வயது மட்டுமா மாறியது? அசுவினி உதைப்பதும், பின்புறக் குழல்களில் இருந்து பிசுபிசுப்பான திரவத்தைப் பூசுவதும் குளவிக்குப் பழகியிருக்கும். வயிற்றில் இருந்த முட்டைகளில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். அசுவினி தின்ற செடியின் வாசனை அதற்கு இப்போது தெரிந்த வாசனை.

சரி, அப்படியானால் அசுவினியே காட்டாமல் நான்கு நாள் வைத்துச் சோதித்தால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் குளவிகள் வெளிவரும்போதே கணிசமான முட்டைகளைத் தயாராகக் கொண்டிருக்கும். அடுத்த ஓரிரு நாளில் இன்னும் சில முதிரும். வாய்ப்பே கிடைக்காமல் நான்கு நாளைக் கழித்த குளவிக்கு வயிறு நிறைய முட்டை, கையில் குறைந்த நாள். அது கிடைத்ததையெல்லாம் குத்தும். அதே வயதில், தொடர்ந்து முட்டையிட்டு வந்த குளவி அப்படி நடந்துகொள்ளாது. ஆகவே அசுவினியையே பார்க்காததைப் புதுசு என்றும் பார்த்ததைப் பழகியது என்றும் வைத்துக்கொண்டால், இளம் புதுசு, இளம் பழகியது, முதிர்ந்த புதுசு, முதிர்ந்த பழகியது என நான்கு குழுக்களும் வேண்டும். சோதனை முடிந்ததும் சில குளவிகளையாவது அறுத்து மீதி முட்டைகளை எண்ணிவிடுவது நல்லது. வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் மற்ற எண்களுக்கு அர்த்தம் சொல்வது கஷ்டம்.

"இப்போதுதான் வெளிவந்தது, அதனால் இதற்கு அனுபவமே கிடையாது" என்பது அடுத்த தவறு. குளவியின் புழு உள்ளே தின்று முடித்ததும் அசுவினி உப்பி, தோல் இறுகி, மம்மியாக இலையில் ஒட்டி நிற்கும். வளர்ந்த குளவி அதில் வட்டமாக ஒரு மூடியைக் கடித்துத் திறந்துகொண்டு வெளியே வரும். அப்படி வரும்போதே அந்த மம்மிக் கூட்டில் தங்கியிருக்கும் செடியின் வாசனைப் பொருட்கள் அதன் உணர்கொம்பில் படும். அஃபிடியஸ் கோல்மானி குளவிகளில் இது பார்க்கப்பட்டிருக்கிறது: தான் வளர்ந்த செடியின் வாசனையை நாடுவது பெருமளவு இந்தக் கூட்டோடு ஏற்படும் தொடர்பால்தான். கூட்டை நீக்கிக் கூட்டுப்புழுவைத் தனியே எடுத்து வளர்த்தால் அந்த விருப்பம் மங்கிவிடும். ஒரு செடியில் வளர்த்த குளவியை வேறு செடியில் விட்டுவிட்டு, "இந்த இனம் இந்தப் பயிருக்கு ஆகாது" என்று முடிவுகட்டுவது அவசரம்.

ஒரே நடத்தைக்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று நினைப்பதும் ஏமாற்றும். ஏற்கெனவே முட்டை வைக்கப்பட்ட அசுவினியில் இன்னொரு முட்டை வைப்பதையே பாருங்கள். ஒரு அசுவினியில் ஒரு குளவிதான் வளர முடியும், மீதிப் புழுக்கள் சாகும். ஆக இது பெரும்பாலும் வீண்தான். புதுக் குளவி இதைச் செய்தால், நல்ல அசுவினியை அது இன்னும் சந்திக்காததால் ஒதுக்கிப் பழகவில்லை எனலாம். முதிர்ந்த குளவி செய்தால், வேறு நல்லதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால் இருக்கலாம். குத்துக்களை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குத்தினால் முட்டை வைத்ததாகவே எண்ணிவிடுவதும் இதைச் சேர்ந்த தவறுதான். பல குத்துக்களில் முட்டை இறங்குவதே இல்லை. அசுவினியைப் பிரித்துப் பாருங்கள், இல்லையென்றால் மம்மியாகும் வரை காத்திருங்கள்.

அப்புறம், மூடிய பெட்ரித் தட்டில், அதாவது ஆய்வகத்தின் சிறு வட்டத் தட்டில், சோதிப்பது. அதில் குளவி வெளியேற முடியாது, எனவே "எப்போது விட்டுப் போகிறது" என்ற கேள்விக்கே இடமில்லை. சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஓர் இடத்தில் கிடைப்பது சுற்றுப்புறச் சராசரிக்குக் கீழே போகும்போது விலங்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்தச் சராசரியைக் குளவி எங்கிருந்து அறியும்? முன்பு பார்த்த செடிகளில் இருந்துதான். அசுவினி மண்டிய செடியில் இருந்து வந்த குளவி, அசுவினி குறைந்த செடியைச் சீக்கிரம் கைவிடும். எனவே பறந்துபோக வழியுள்ள கூண்டில் சோதியுங்கள்.

பசியை மறந்துவிடுவது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பட்டினிக் குளவி அசுவினியை விட்டுவிட்டு இனிப்பைத் தேடப் போகும். இணை சேராத பெண்ணை விட்டாலும் சிக்கல்தான்: அது முட்டையிடும், ஆனால் பிறப்பதெல்லாம் ஆண்.

குளவிகளை விடுபவர்களுக்கு இதிலிருந்து கிடைப்பது எளிமையானது. பெரும்பாலான முட்டைகள் முதல் சில நாட்களிலேயே இடப்பட்டுவிடும், எனவே வெளிவந்த குளவிகளைப் புட்டியில் தேக்கி வைக்காதீர்கள். தேன் கரைசல் கொடுத்து, ஆணும் பெண்ணும் சேர ஒரு நாள் விட்டு, உடனே வெளியே அனுப்புங்கள். முடிந்தால் அதே பயிரின், அசுவினி உள்ள ஒரு தழையைச் சிறிது நேரம் காட்டலாம். ஆனால் ரொம்ப நேரம் வேண்டாம், அங்கே இடும் ஒவ்வொரு முட்டையும் வயலுக்குக் குறைவு. அசுவினி கொஞ்சமாக இருக்கும்போதே விடுவது இன்னும் முக்கியம். செடி முழுக்க அசுவினியின் இனிப்புக் கழிவு வழியும் நிலை வந்துவிட்டால், குளவி அந்தப் பிசுக்கைத் தடவிப் பார்ப்பதிலும் உடம்பைத் துடைத்துக்கொள்வதிலுமே நேரத்தைக் கழிக்கும்.